எட்டு மாதம், ஏழு ஆலயங்கள்: எங்கள் குடும்பம் சபை தேடிய கதை

கர்த்தருடைய ஜெபத்தை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அதனால்தான் மாட்டிக்கொண்டேன். கத்தோலிக்க ஆலயத்தில் திருப்பலி நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் சேர்ந்து சொல்லிவந்த ஜெபம் "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்ற இடத்தில் சட்டென்று நின்றது. நான் நிற்கவில்லை. "ராஜ்யமும் வல்லமையும்" என்று என் குரல் மட்டும் தனியாகக் கிளம்பி, முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் வரை போனது. பக்கத்தில் என் கணவர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். அந்த வரி அவர்களிடம் இல்லாமல் இல்லை. குருவானவர் நடுவில் ஒரு சிறு மன்றாட்டைச் சொல்லி முடித்த பிறகுதான் மக்கள் "ஆட்சியும் வல்லமையும் மாட்சியும்" என்று எடுப்பார்கள். அரை நிமிடம் பொறுத்திருந்தால் மானம் தப்பியிருக்கும். கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாக, அவரோடு போகும்போதெல்லாம் இதே இடத்தில்தான் வழுக்குகிறேன்.

நான் ஆங்கிலிக்கன் வீட்டில் பிறந்தவள், அவர் கத்தோலிக்கர். பழைய ஊரில் அவரவர் ஆலயத்துக்கு அவரவர் போய்க்கொண்டிருந்தோம்; சண்டை இல்லை. வேலை மாற்றலில் புது நகரத்துக்கு வந்தோம். என் தாய்ச்சபை மரபில் இங்கே கிட்டத்தில் ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயது மகள் ஒருநாள், "நாலு பேரும் ஒரே இடத்துக்குப் போனால் என்ன?" என்று கேட்டாள். நாலாவது ஆள் என் மாமியார். மூட்டுவலிக்காரர். அப்படித்தான் எட்டு மாதத்தில் ஏழு ஆலயங்கள் பார்த்தோம். செருப்பு வாங்கவே பத்துப் பேர் எழுதிய விமர்சனத்தைப் படிக்கிறோம். ஞாயிறுதோறும் பிள்ளையைக் கூட்டிப்போகப் போகும் இடத்துக்கு ஒருத்தராவது எழுத வேண்டாமா? நட்சத்திரம் போடப்போவதில்லை. எந்த ஆலயத்தின் பெயரும் சொல்லப்போவதில்லை.

தேடும்போது ஒரு விதி வைத்துக்கொண்டோம். முதல் ஞாயிறு போனால் தெரிவது மரபுதான். எப்போது எழுந்து நிற்பார்கள், யார் அப்பம் வாங்கலாம், பிரசங்கம் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் புத்தகத்திலும் கிடைக்கும். அந்த மரபை வைத்துக்கொண்டு இந்த இருநூறு பேர் எப்படி வாழ்கிறார்கள் என்பது நான்காவது ஞாயிறுதான் தெரியும். ஆகவே பிடித்த இடமென்றால் நான்கு வாரம். பிடிக்காத இடத்துக்கும் இரண்டு வாரம். முதல் வாரம் அவர்களுக்கே கெட்ட நாளாக இருந்திருக்கலாம்.

கத்தோலிக்க ஆலயத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் பாதிப் பேருக்கு அது பிறந்த வீடு. எங்கே போனாலும் திருப்பலியின் எலும்புக்கூடு ஒன்றுதான்: வாசகங்கள், மறையுரை, காணிக்கை, அப்பம் வாங்கும் நற்கருணை. 1962 முதல் 1965 வரை ஆயர்கள் கூடி நடத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்னால் இதெல்லாம் லத்தீனில் நடந்தது. என் மாமியாருக்குச் சின்ன வயசில் கேட்ட லத்தீன் பதில்கள் இன்றைக்கும் நாக்கில் வரும். அவருக்குப் பவுல் இன்னும் சின்னப்பர்தான், பேதுரு இராயப்பர், யோவான் அருளப்பர். மகள் முதல் தடவை "சின்னப்பர் யார் பாட்டி, பெரியப்பரும் இருக்கிறாரா?" என்று கேட்டாள். ஒரே மொழி பேசும் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒருவருக்கு ஜெபம், ஒருவருக்குச் செபம். ஒருவருக்கு ஞானஸ்நானம், ஒருவருக்குத் திருமுழுக்கு. புதிதாக ஒரு சபைக்குள் நுழைகிறவருக்கு முதலில் தடுக்குவது கொள்கையல்ல, இந்த வார்த்தைகள்தான்.

எனக்கு அங்கே வலித்த இடம் ஒன்று உண்டு. நற்கருணை நேரத்தில் எங்கள் பெஞ்சு காலியாகும், நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். கத்தோலிக்கரல்லாதவருக்கு அங்கே சாதாரணமாக அப்பம் கொடுப்பதில்லை. காரணம் தெரியும், மதிக்கிறேன். கிறிஸ்துவின் உடலே அது என்று நம்புகிறவர்கள், அந்த நம்பிக்கையிலும் திருச்சபையிலும் ஒன்றாக இருப்பதன் அடையாளமாகத்தான் அதை வாங்குகிறார்கள். காரணம் தெரிந்தாலும் காலி பெஞ்சு காலி பெஞ்சுதான். மற்றபடி அந்த ஆலயத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கூட்டம் ஒன்றைத் தவிர. ஐந்து வாரம் போயும் ஒருவருக்கும் எங்கள் பெயர் தெரியவில்லை. யாருக்கும் தெரியாமல் வந்து அழுதுவிட்டுப் போக வேண்டிய காலம் மனிதருக்கு வரும். அந்தக் காலத்துக்கு அதைவிட நல்ல இடமில்லை.

அடுத்து ஆர்த்தடாக்ஸ். இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தப் பெயரில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. 451இல் நடந்த கல்செதோன் சங்கத்தை ஏற்காமல் பிரிந்த காப்டிக், ஆர்மீனிய, சிரிய, எத்தியோப்பியச் சபைகள் ஒன்று. 1054இல் ரோமும் கான்ஸ்டான்டிநோப்பிளும் ஒன்றையொன்று சபைநீக்கம் செய்ததை அடையாளமாக வைத்துப் பிரிவு சொல்லப்படும் கிரேக்க, ரஷ்யச் சபைகள் இன்னொன்று. அந்தச் சபைநீக்கங்களை இரு தரப்பும் 1965 டிசம்பர் 7இல் விலக்கிக்கொண்டன. சண்டை மறக்க 911 வருஷம். பந்தியில் ஒன்றாக உட்காரவோ இன்னும் முடியவில்லை. எங்கள் வீட்டுச் சொத்துத் தகராறு இதைவிடச் சீக்கிரம் முடிந்தது.

நாங்கள் போனது கிரேக்க மரபு. உள்ளே நுழைந்ததும் தூபம், மெழுகுவர்த்தி, சுவர் முழுக்கத் திருவோவியங்கள். வாத்தியம் எதுவும் இல்லை, குரல் மட்டும். "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்பதை எத்தனை தடவை பாடுகிறார்கள் என்று மகள் எண்ணிப் பார்த்து நாற்பதில் விட்டுவிட்டாள். பெரும்பாலும் நின்றுகொண்டே இருக்கிறார்கள். மாமியாரின் முட்டியை நினைத்து நான் கலங்கும்போதே, ஒரு பெரியவர் எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவருக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு, ஆறு மாதக் கைக்குழந்தையைத் தாய் தூக்கிக்கொண்டு போக, பாதிரியார் சிறு கரண்டியால் திருவிருந்தை, அதாவது நற்கருணையை, குழந்தையின் வாயில் கொடுத்தார். மகள் என் கையை இடித்தாள்: "அம்மா, எனக்கு மட்டும் திடப்படுத்தல் முடியட்டும் என்று சொன்னீர்களே?" மேற்கத்திய மரபில் ஞானஸ்நானம், அதை உறுதிப்படுத்தும் திடப்படுத்தல், திருவிருந்து மூன்றும் பல வருஷ இடைவெளியில் தனித்தனியாகப் பிரிந்து போயின, கிழக்கில் மூன்றும் குழந்தைக்கு ஒரே நாளில். அவளுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது.

அங்கேயும் எங்களுக்குத் திருவிருந்து கிடையாது. ஆனால் முடிவில் ஆசீர்வதித்த அப்பத்துண்டுகளை ஒரு தட்டில் வைத்து எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். அது திருவிருந்தல்ல, விருந்தாளிக்கும் உண்டு. ஒரு பாட்டி தன் பங்கை வாங்கிவந்து பாதியைப் பிட்டு என் உள்ளங்கையில் வைத்தார். அவர் பேசிய மொழி எனக்குப் புரியவில்லை. எட்டு மாதத்தில் நான் கண்கலங்கிய ஒரே இடம் அது. சேர விரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று பாதிரியாரிடம் கேட்டோம். "ஒரு வருஷம் வந்துகொண்டிருங்கள், அப்புறம் பேசலாம்" என்றார். இதைக் கேட்டதும் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் வழிபாடு இரண்டு மணி நேரம், பாதிக்குமேல் எங்களுக்குத் தெரியாத மொழியில். மகளுக்கு ஓவியங்கள் பிடித்தன. மற்ற பிள்ளைகளோடு ஒரு சொல் பேச முடியவில்லை. நோட்டில் "மனசு உண்டு, மொழி இல்லை" என்று எழுதி மூடினேன்.

லூத்தரன் ஆலயம் எனக்குப் பக்கத்து வீடு மாதிரி. பாட்டுப் புத்தகம், வழிபாட்டு ஒழுங்கு, விசுவாசப் பிரமாணம், எல்லாம் தெரிந்த சாமான். தெரியாத ஒன்றை அங்கேதான் கற்றேன். பதினாறாம் நூற்றாண்டில் ரோமைவிட்டுப் பிரிந்த சீர்திருத்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கட்சி என்று நினைத்திருந்தேன். 1529இல் மார்பர்க் நகரில் ஜெர்மனியின் லூத்தரும் சுவிட்சர்லாந்தின் ஸ்விங்கிலியும் உட்கார்ந்து பதினைந்து விஷயங்கள் பேசினார்கள், பதினான்கில் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவதில், திருவிருந்தில் கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே இருக்கிறதா என்ற ஒரே கேள்வியில், உடைந்தார்கள். என் காலி பெஞ்சு பழைய பெஞ்சு என்று அன்று புரிந்தது. ஆட்கள் நல்லவர்கள். ஆனால் எங்கள் மகளையும் சேர்த்து அந்த ஆலயத்தில் மூன்றே பிள்ளைகள், மற்ற இரண்டும் கைக்குழந்தைகள். அதற்குமேல் யோசிக்கவில்லை.

பிரதரன் சபைக்கு ஒரே ஒரு ஞாயிறு, என் விதியையே மீறி. வட்டமாக நாற்காலிகள், நடுவில் மேசைமேல் அப்பமும் பாத்திரமும். பட்டம் பெற்ற போதகர் யாரும் இல்லை. ஒரு சகோதரர் எழுந்து ஒரு பாட்டு எண்ணைச் சொல்வார், இன்னொருவர் ஜெபிப்பார், நடுவில் நீண்ட அமைதி. அந்த அமைதியை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் எழுந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் சபையில் மௌனமாயிருப்பது அவர்கள் வேதத்திலிருந்து எடுக்கும் ஒழுங்கு. வெளியே வந்ததும் மகள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. அதோடு சரி.

பெந்தெகொஸ்தே சபைக்கு நான் தயக்கத்தோடு போனேன், ஒத்துக்கொள்கிறேன். சத்தம் பற்றிய என் முன்முடிவு அது. 1906இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அசுசா தெருவில், அடிமைகளாக இருந்தவர்களின் மகனான வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து உலகெங்கும் பரவிய மரபு இது. வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உட்காரக் கூடாத காலத்தில் அங்கே ஒன்றாக மண்டியிட்டார்கள். அந்த வெப்பம் நாங்கள் போன அரங்கத்திலும் கொஞ்சம் மிச்சமிருந்தது. வாசலிலேயே பெயர் கேட்டார்கள். இரண்டாம் வாரம் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். சாட்சி நேரத்தில் ஒரு பெண், மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தபோது யார் யார் வந்து வாடகைக்குக் கொடுத்தார்கள் என்று சொன்னார். சொல்லும்போது ஒவ்வொருவராகப் பார்த்தார். பார்க்கப்பட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் பார்த்த ஏழு இடங்களில் கஷ்டத்தை மேடையில் சொல்ல முடிந்த ஒரே இடம் இது.

ஆவியின் வரம் என்று அவர்கள் சொல்லும், கேட்பவருக்குப் புரியாத அந்நிய பாஷை பற்றிப் போதகரிடம் நேராகவே கேட்டேன். அவர் கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம் பதினான்காம் அதிகாரத்தைத் திறந்து வைத்தார்: இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் சபையில் பேசாதிருக்க வேண்டும். "எங்களால் எப்போதும் இப்படி நடத்த முடிவதில்லை" என்று அவரே சொன்னார். மழுப்பாத மனிதர். சிக்கல் ஞானஸ்நானத்தில் வந்தது. குழந்தையாக இருக்கும்போது பெற்றது அவர்கள் கணக்கில் ஞானஸ்நானமே அல்ல. சுயமாக விசுவாசித்த பிறகு முழுக்காக எடுப்பதுதான். 1525இல் ஜூரிக் நகரில் அனபாப்டிஸ்டுகள் தொடங்கி, பாப்டிஸ்டுகள் வழியாக இன்றுவரை வரும் நிலைப்பாடு. வேத ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. மற்றப் பக்கம் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், லூத்தரர், மெதடிஸ்டுகள் ஒருவர் ஞானஸ்நானத்தை மற்றவர் ஏற்பார்கள். தண்ணீரும் திரித்துவத்தின் பெயரும் இருந்தால் திரும்பக் கொடுப்பதில்லை. அத்தையிடம், அதாவது மாமியாரிடம், விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏம்மா, எழுபத்தொரு வருஷமா ஈரமாத்தானே இருக்கேன்" என்றார். பேச்சு முடிந்தது.

ஆறாவது இடத்தைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். எந்த மரபுக்கும் உட்படாத தனிச்சபை. அப்படிப்பட்டவற்றில் அருமையானவையும் இருக்கும். நாங்கள் போன இடத்தில் பளபளவென்று மேடை, அருமையான பாட்டுக்குழு, பிள்ளைகளுக்குத் தனி அறை. புதியவர்களுக்கு ஒரு அட்டை கொடுத்து ஃபோன் எண் கேட்டார்கள், எழுதிக்கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை அழைப்பு: நலமா என்று விசாரிப்பு. வெள்ளிக்கிழமை அழைப்பு: சம்பளத்தில் பத்தில் ஒன்று பற்றி. மூன்றாம் ஞாயிறு பிரசங்கம், அந்தப் பத்தில் ஒன்றைக் கேட்கும் மல்கியா மூன்றாம் அதிகாரம். நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வாய் சும்மா இருக்கவில்லை. சபைக் கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள், அறிக்கை எப்போது வாசிப்பார்கள் என்று ஒரு பொறுப்பாளரிடம் கேட்டேன். "நாங்கள் கர்த்தருக்குத்தான் கணக்குக் கொடுக்கிறோம், சிஸ்டர்" என்றார். எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் திரட்டின பவுலே, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டுமென்று கூட ஆள் வைத்துக்கொண்டு போனார். இரண்டு கொரிந்தியர் எட்டாம் அதிகாரம். அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது.

அதன் பிறகு எங்கே போனாலும் மூன்று கேள்விகளை முதலிலேயே கேட்டேன். போதகர் தவறு செய்தால் அவரைக் கேள்வி கேட்கிறவர் யார்? ஆயரா, மூப்பர்களா, சபையார் கூட்டமா? எந்த முறையானாலும் பரவாயில்லை, ஒரு ஆள் இருக்க வேண்டும். வரவு செலவு எழுத்தில் கிடைக்குமா? ஞாயிறு பள்ளி அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்களா, கதவில் கண்ணாடி இருக்கிறதா? பிரசங்கம் சுமாரானாலும் சகித்துக்கொள்வேன். இந்த மூன்றில் முகம் சுளிக்கிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

ஏழாவதாகப் போனது மெதடிஸ்ட். கட்டடம் அழகில்லை, பின்சுவரில் ஈரம். ஒலிபெருக்கி பாதி வாக்கியத்தை விழுங்கும், இன்றைக்கும் விழுங்குகிறது. முதல் வாரம் நோட்டில் "சுமார்" என்றுதான் எழுதியிருக்கிறேன். என் கேள்விகளுக்குச் செயலாளர் அம்மா பதில் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து போன வருஷத்துத் தணிக்கை அறிக்கையைக் கையில் கொடுத்து, "படித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், ஒரு பிரதிதான் இருக்கிறது" என்றார். படித்தேன். பூக்களுக்கு அதிகம் செலவழிக்கிறார்கள். வேறு குறை இல்லை.

மெதடிஸ்ட் மரபைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, தாம் பிறந்த ஆங்கிலிக்கன் சபையிலேயே குருவானவராக 1791இல் இறந்தவர் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். 1738 மே 24 மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டமொன்றில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதின முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டபோது அவர் உள்ளம் கனிந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலிக்கன் ஒருவர், லூத்தரன் எழுத்து, அதிலிருந்து மெதடிஸ்ட் மரபு. வேலி போட்டுப் பிரித்து வைத்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அவர் தம்பி சார்லஸ் எழுதிய பாடல்கள் ஆறாயிரத்துக்கும் மேல். இந்தச் சபை பாட்டை நன்றாகவே பாடுகிறது, ஒலிபெருக்கி இல்லாமலேயே.

இன்னொரு விஷயம் எதிர்பாராதது. என் கணவருக்கு ஞாயிறு திருப்பலி கடமை. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கெடுத்தாலும் அந்தக் கடமை நிறைவேறும். அதனால் சனி மாலை அவரும் அத்தையும் கத்தோலிக்க ஆலயம், ஞாயிறு காலை நாங்கள் நால்வரும் மெதடிஸ்ட். மூன்றாவது வாரம் அவர் என் காதில், "இதே சுவிசேஷத்தை நேற்றே கேட்டேனே" என்றார். தற்செயல் இல்லை. 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை கொண்டுவந்த மூன்றாண்டு வாசக அட்டவணையை அடிப்படையாக வைத்துத்தான் பல புரோட்டஸ்டன்ட் சபைகள் பயன்படுத்தும் பொது வாசக அட்டவணை 1992இல் வந்தது. இப்போது ஞாயிறு மதியம் வீட்டில் இரண்டு பிரசங்கத்தையும் ஒப்பிட்டுத் தீர்ப்பு நடக்கும். அத்தை கட்சி மாறவே மாட்டார்.

மகள் நினைத்தபடி ஒரே கூரை அமையவில்லை, ஒன்றரைக் கூரை அமைந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. மெதடிஸ்டுகள் பாத்திரத்தில் ஊற்றுவது புளிக்காத திராட்சைச் சாறு. 1869இல் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல்மருத்துவர் அதைப் புளிக்காமல் காக்கும் வழி கண்டுபிடித்தார். மேசை எல்லாருக்கும் திறந்தது என்று போதகர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். என் கணவர் எழுந்திருக்க மாட்டார். அவர் திருச்சபை அனுமதிக்கவில்லை, அவர் அதை மீறுகிறவர் இல்லை. இப்போது நான் எழுந்து போகிறேன், அவர் பெஞ்சில். அத்தை அவர் பக்கத்தில் ஜெபமாலையோடு.

முதல் தடவை அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது மாதம், நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு வரும் ஒரு பெரியவர், வழக்கமான தன் இடத்தை விட்டு எங்கள் பெஞ்சு ஓரத்துக்கு மாறி வந்தார். அவரால் முன்னால் நடக்க முடியாது. போதகர் அப்பத்தையும் பாத்திரத்தையும் அவரிடம் கொண்டுவருவார். அதுவரைக்கும் அவர் நடைச்சட்டத்தை என் கணவர் பிடித்துக்கொள்கிறார். நான் முழங்காலிலிருந்து எழுந்து திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருப்பார்கள். போன மாதம் என்னவென்று கேட்டேன். பின்சுவர் ஈரத்துக்கு எந்தப் பூச்சு நிற்கும் என்று பேசினார்களாம்.